யாரும் சொல்லாமல் வந்தால் எவ்வளவு?

இளங்கோ, நேற்று போனில் நீ சிரித்த சிரிப்பு நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி திறக்கப் போகிற கவலையில் கொஞ்ச நாளாக உன் குரலே கம்மிப் போயிருந்தது. என்னால் ஒரு சிரிப்பு வந்ததென்றால் எனக்கும் சந்தோஷம்தான். வாசலில் ஒரு போர்டு வைத்து, என்ன வைத்தியத்துக்கு என்ன கட்டணம் என்று எழுதிப் போடு என்று நான் சொன்னதும், "ஆஸ்பத்திரி என்னம்மா, ஓட்டலா? இட்லி இவ்வளவு, வடை இவ்வளவுன்னு எழுதி மாட்ட?" என்று கேட்டாய். பக்கத்தில் உன் கூட்டாளி சிரிப்பதும் கேட்டது. நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் டைல்ஸ்காரர் வந்துவிட்டார், போனை வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நடுவில் யாரும் வந்து நிற்க முடியாது. உறையை ஒட்டாமலேதான் மருமகளிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். நீ படித்த பிறகு உன் கூட்டாளியும் படிக்கட்டும், கவுண்டரில் உட்காரப் போகிற பெண்ணும் படிக்கட்டும்.

உங்கப்பா வயிற்றில் இருக்கிற தழும்பு உனக்குத் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது! கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற நேரத்தில்கூடச் சட்டையைத் தூக்கிக் காட்டுகிற மனுஷன். "இது போராட்டத்துல வாங்கினது" என்று அவர் ஆரம்பித்தால், கேட்கிறவர்கள் போலீஸ் தடியடி என்று நினைத்துக்கொள்வார்கள். அவரும் அவசரப்பட்டுத் திருத்த மாட்டார். அது குடல்வால் ஆபரேஷன் செய்த தழும்பு. ஆனால் போராட்டத்தில் வாங்கியது என்பதும் பொய்யில்லை. நீ சின்னப் பிள்ளையிலிருந்து அவர் சொல்கிற பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறாய். மயக்கம் கொடுத்ததோடு அவர் கதை முடிந்துவிடும். அந்தப் பக்கம் நடந்தது எனக்குத்தானே தெரியும். உனக்கு ஆஸ்பத்திரி வைக்கிற வேளை வந்ததும், மீதிக் கதையைச் சொல்ல எனக்கும் வேளை வந்துவிட்டது.

எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சம்பா அறுப்புக் காலம். அப்போதெல்லாம் அறுப்புக்கு இறங்குகிறவர்களிடம் கூலி என்ன என்று முன்னால் சொல்லும் வழக்கமே கிடையாது. விடிகிற நேரத்தில் வயலில் இறங்கி, அறுத்து, கட்டி, தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்து, அடித்துத் தூற்றி, எல்லாம் முடிந்து பொழுது சாயும்போதுதான் பண்ணையின் ஆள் மரக்காலைக் கையில் எடுப்பார். அவர் அளந்து போடுவதுதான் கூலி. சர்க்கார் ஒரு கூலி வைத்திருப்பதாகப் பேப்பரில் வந்தது என்பார்கள். ஆனால் பேப்பர் களத்துக்கு வந்து அளக்குமா? ஆட்சியில் இருந்தவர்கள் எங்கள் ஓட்டில் ஜெயித்தவர்கள்தான். எங்கள் ஊர்ப் பெரிய பண்ணையும் அவர்களுக்குத்தான் மேடை போட்டுக் கொடுத்தார். எங்கள் தெரு முனையிலும் அவர் வீட்டு வாசலிலும் ஒரே கொடிதான் பறந்தது. அதனால் யாரிடம் போய் முறையிடுவது என்பதிலேயே எங்களுக்குக் குழப்பம். கடைசியில் எங்கள் விவசாயக் கூலிகள் சங்கம்தான் அந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்தது. வயலில் இறங்குவதற்கு முன்னால் கூலியைச் சொல்ல வேண்டும். வரப்பில் நின்று, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதுவரைக்கும் அரிவாளைத் தொடுவதில்லை. கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்க, ஊரில் ஒருத்தரும் இறங்கவில்லை. உங்கப்பாதான் ஊர்க் கிளைக்குச் செயலாளர். வயசு கொஞ்சம், குரல் ரொம்ப.

அன்று மத்தியானம் நாலு ரோடு முக்கில் கூட்டம். உங்கப்பா பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது. "உழைக்கிறவன் வயிறு எரியுதய்யா" என்று அதற்கு முந்தின நிமிஷம்தான் சொல்லியிருந்தார். ஜனங்கள் அதை நடித்துக் காட்டுகிறார் என்று நினைத்து ஒரே கைதட்டல்! அவர் இன்னும் குனியக் குனியக் கைதட்டல் கூடியது. தரையில் விழுந்து வாந்தி எடுத்த பிறகுதான் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். நானும் கைதட்டியவள்தான். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

வண்டியில் வைக்கோல் பரப்பி அவரைப் படுக்க வைத்துக் கடைத்தெரு டாக்டரிடம் கொண்டுபோனோம். எனக்குத் துணைக்குப் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வந்தாள். அந்த டாக்டர் நல்ல கைராசிக்காரர். ஓட்டு வீட்டில் சில கட்டில்களைப் போட்டு ஆஸ்பத்திரி நடத்தினார். தொட்டுப் பார்த்ததுமே குடல்வால் என்று சொல்லிவிட்டார். தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வெடித்துவிடும், இங்கேயே அறுத்து எடுத்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வேறு நோயாளியைப் பார்க்க உள்ளே போய்விட்டார். நான் கம்பவுண்டர் ரத்தினத்திடம் போய், "எவ்வளவுங்க ஆகும்?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்தப் பண்ணை?" என்று கேட்டார்.

இது உனக்குப் புரியாது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரியில் எதற்கும் ஒரு விலை என்று கிடையாது. வருகிறவர் யார், யார் சொல்லி வந்தார் என்பதை வைத்துத்தான் தொகை. பண்ணை ஆட்களுக்கு நோவு வந்தால், பண்ணை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடும். வைத்தியம் நடக்கும். பணத்தைப் பண்ணை கொடுத்துவிட்டு அறுப்புக் கூலியில் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஜனங்கள் அதைப் பெரிய உபகாரமாகத்தான் நினைத்திருந்தார்கள். பாக்கியம் அக்காவுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். பண்ணை புண்ணியத்தில் பிழைத்தேன் என்று அவள் சொல்லாத நாளில்லை. அந்தப் பிள்ளை நடந்து, ஓடி, ஆடு மேய்க்கவே ஆரம்பித்துவிட்டது. கூலியில் பிடிப்பது மட்டும் நிற்கவில்லை. "பண்ணை ஐயாவை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, உடனே ஆரம்பிச்சிடலாம்" என்றார் ரத்தினம். அவர் கெட்டவரில்லை. அங்கே வழக்கம் அதுதான்.

வண்டியைத் திருப்பிக்கொண்டு நான் மட்டும் பெரிய பண்ணை வீட்டுக்குப் போனேன். கொல்லைப்புறமாகப் போய் நின்றேன். அவர் ஊஞ்சலை விட்டு எழுந்து பின்கட்டுக்கே வந்தார். நான் ஏதோ திட்டு விழும் என்று நினைத்திருந்தேன். குரல் இனிக்க இனிக்கத்தான் பேசினார்.

"என்ன புள்ள, உம் புருஷனுக்கு ஒடம்பு முடியலையாமே. டாக்டரு நம்ம ஆளுதான். ஒரு வார்த்தை சொன்னாப் போதும், தங்கமாப் பாத்துக்குவாரு. மத்ததை அப்புறமாக் கூலியில பாத்துக்கலாம்."

"அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க ஐயா" என்றேன்.

"சொல்றேன். காலையில உங்க தெரு ஆளுங்களை அறுப்புல எறங்கச் சொல்லு. நீ டாக்டர் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள போன் போயிடும்."

உள்ளே மேசை மேல் அந்தக் கறுப்பு போன், பூப்போட்ட துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இளங்கோ, உன்னிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. 'சரிங்க' என்ற வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்தே விட்டது. உங்கப்பா வண்டியில் சுருண்டு கிடந்ததுதான் கண்ணுக்குள் நின்றது. ஆனால் கூடவே தெருவும் நின்றது. உலை வைக்க அரிசி இல்லாமல் கீரையை அவித்துத் தின்றுவிட்டுச் சங்கத்து வார்த்தைக்காக உட்கார்ந்திருக்கிற அத்தனை வீடு. என் புருஷன் வயிற்றுக்காக அவர்கள் வயிற்றை நான் எப்படிப் பேசி முடிப்பது? "தெருவைக் கேக்காம நான் எப்படிங்க சொல்றது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வாய்தான் அப்படிச் சொன்னது. வண்டி ஆற்றுப் பாலம் ஏறுகிற வரைக்கும் அழுகைதான்.

ஆஸ்பத்திரியில் உங்கப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அந்த வலியிலும் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "போனைக் கொண்டுபோயி அவரு வயித்துலயே வச்சுக் கட்டிக்கச் சொல்லு" என்று கத்திவிட்டு, மறுபடியும் சுருண்டுகொண்டார். இனி என்ன செய்வது? பாக்கியம் அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, திரையை விலக்கிக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டேன். அவர் யாருக்கோ தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, யாரும் சொல்லாம வந்தா எவ்வளவுங்க?"

அவருக்கு விளங்கவில்லை. "என்னம்மா?"

"எங்களுக்காக எந்தப் பண்ணையும் ஒரு வார்த்தையும் சொல்லாது. அப்படி வந்த ஆளுக்கு இந்த ஆபரேஷன் எவ்வளவுன்னு கேக்கறேன்."

"யாரும் சொல்லாம யாரும் வர்றதில்லையேம்மா."

"நான் வந்திருக்கேனுங்களே."

டாக்டர் டார்ச்சை அணைத்தார். வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்த நோயாளி அப்படியே திறந்தபடி இருந்தார். "ஏன் ரத்தினம், இன்னும் ஆபரேஷனுக்கு ரெடி பண்ணலையா?" என்று கேட்டார். "பண்ணையிலேர்ந்து போன் வரலைங்களே" என்றார் கம்பவுண்டர். டாக்டருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. போன் வருவதும் ஆபரேஷன் நடப்பதும் தானாக ஒன்றன்பின் ஒன்றாக நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தவர் அவர். போன் வராவிட்டால் என்ன ஆகும் என்று அவரும் யோசித்ததில்லை. "தண்ணியைக் கொதிக்க வை" என்று சத்தம் போட்டுவிட்டு, என்னிடம், "பணத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்மா" என்றார்.

"இல்லைங்க, இப்பவே சொல்லிடுங்க. தெரிஞ்சுட்டா நாங்க பாட்டுக்கு ஏதாவது பண்ணுவோம். தெரியாமத்தான் பயமா இருக்கு."

"எவ்வளவு ரத்தினம்?"

ரத்தினம் மோட்டுவளையைப் பார்த்தார். "அது... ஆளைப் பொறுத்துங்க."

"ஆளு அங்கதான் படுத்திருக்காரு, பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். கை கழுவிக்கொண்டே மயக்க மருந்து, நூல், பஞ்சு, படுக்கை, தன் கூலி என்று வாய்க்குள்ளேயே கூட்டி ஒரு தொகையைச் சொன்னார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம். நாலு மூட்டை நெல்லை விற்றால் வந்துவிடும். தெருவே சேர்ந்தால் முடியாத காரியமில்லை. எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்த பாக்கியம் அக்கா முன்னால் வந்தாள். "வயித்தைக் கிழிச்சுப் புள்ளை எடுத்தா எவ்வளவுங்க?" டாக்டர், "இதைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்றார். அக்கா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அவள் கூலியில் அதுவரை பிடித்தது அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். டாக்டர் சொல்லுவதற்கும் அக்கா கொடுப்பதற்கும் நடுவில் ஒரு பெரிய இடம் காலியாக இருந்திருக்கிறது. அந்த இடத்தில் யாரோ இத்தனை வருஷமாகச் சௌகரியமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். விலை இருட்டில் இருந்தால் அப்படித்தான். நல்ல டாக்டர் இருக்கிறாரா, கெட்ட டாக்டர் இருக்கிறாரா என்பதல்ல விஷயம். இருட்டு இருக்கிற இடத்தில் யாராவது ஒருத்தர் வந்து உட்கார்ந்துகொள்வார்.

ஆபரேஷன் நடந்தது. உங்கப்பா பிழைத்தார். எங்களிடம் பணம் ஏது? சங்கத்துக்காரர்கள் அக்கம்பக்கத்து ஊர்களில் நெல்லாக வசூல் செய்து வண்டியில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். டாக்டர் சம்சாரத்தை நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மூட்டைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலேயே அடுக்கச் சொல்லிவிட்டார். வியாபாரி வந்து எடுத்துப் போகும் வரைக்கும் காய்ச்சல்காரர்கள் எல்லாரும் எங்கள் நெல் மூட்டை மேல்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சைவிடச் சொகுசாக இருந்ததாம்.

கதிர் கொட்ட ஆரம்பித்ததும் பண்ணையும் இறங்கி வந்தார். வரப்பில் நின்று கூலியைச் சொன்னார்கள். ஒருமுறை சொன்னது காதில் விழவில்லை என்று நம் தெருப் பெண்கள் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். அப்புறம்தான் இறங்கினோம். அன்றைக்குக் குனிந்து அறுத்துக்கொண்டே பாக்கியம் அக்கா கேட்டாள்: "ஏண்டி, வயல்ல எறங்கறதுக்கு முன்னாடி கூலியைச் சொல்லணும்னா, கட்டில்ல படுக்கறதுக்கு முன்னாடி வைத்தியக் கூலியைச் சொன்னா என்ன?" அறுப்பு முடிந்த வாரமே பெண்களாகச் சேர்ந்து டாக்டரிடம் போனோம். ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டுங்கள் என்று கேட்டோம். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "ஆஸ்பத்திரி என்னம்மா, ஓட்டலா?" என்றார். டாக்டர்களுக்கெல்லாம் இதைப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள் போல. பாக்கியம் அக்கா விடுவாளா? "ஓட்டல்ல காசு பத்தலைன்னா எந்திரிச்சுப் போயிடலாங்க. இங்க வயித்தைத் தொறந்தப்புறம் நாங்க எங்க எந்திரிச்சுப் போறது?" என்றாள்.

ஆனால் டாக்டர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதையும் உனக்குச் சொல்ல வேண்டும். "உள்ளே என்ன இருக்குன்னு தொறந்து பாத்தாத்தானே தெரியும்? முன்கூட்டியே எப்படி எழுதறது?" என்றார். இன்னொன்றும் சொன்னார். "ஒண்ணுமே இல்லாதவங்ககிட்ட நான் பேருக்குத்தான் வாங்கறேன். சிலர்கிட்ட வாங்கறதே இல்லை. பலகையில எழுதிட்டா எல்லாருக்கும் ஒரே விலைன்னு ஆயிடும். அப்புறம் அவங்க கதி?" அதுவும் சரிதான் என்று எழுந்துவிட்டோம். மோர் கொண்டுவந்த டாக்டரம்மாதான், "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? தெரிஞ்சதை எழுதுங்க. தெரியாததை, பண்றதுக்கு முன்னாடி வெளியில இருக்கிறவங்ககிட்ட வந்து சொல்லுவோம்னு எழுதுங்க. முடியாதவங்க நேரா டாக்டர்கிட்ட சொல்லலாம், யாரையும் கூட்டிக்கிட்டு வர வேண்டாம்னு கீழே ஒரு வரி போடுங்க. குறைக்கிறதையும் வெளிச்சத்துல குறைச்சா என்ன குறைஞ்சுடும்?" என்றார். டாக்டர் அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வீட்டுக்குள் இப்படி ஒரு ஆள் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது மாதிரி ஒரு பார்வை.

பலகை எழுதியவர் கலியபெருமாள். கட்சிக்குச் சுவரெழுத்து எழுதுகிறவர். எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஆனால் அவரிடம் இருந்த பெயிண்ட் கறுப்பும் சிவப்பும்தான். எழுதி மாட்டிய மறுநாளே எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து, "டாக்டர் எப்போ கட்சியில சேந்தாரு?" என்று கேட்டுவிட்டார்கள். டாக்டர் பயந்துபோய் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு போடச் சொன்னார். உடனே இந்தக் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டு வந்தார்கள். சரி, பச்சை என்று மாற்றினால், பண்ணைக்காரர்கள் சங்கத்துக் கொடி பச்சை. பெரிய பண்ணை ரொம்பச் சந்தோஷப்பட்டார், எங்கள் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த காப்பிக் கலரில் எழுதினார்கள். காப்பிக் கலருக்கு நாட்டில் கட்சி இல்லை. கலியபெருமாள் தன் சொந்தப் புத்தியில் 'பிரசவம், சுகமானது' என்று ஒரு விலையும், 'பிரசவம், சுகமில்லாதது' என்று ஒரு விலையும் போட்டிருந்தார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் மாற்றவில்லை.

பெரிய பண்ணை ஒருநாள் இடுப்புவலிக்கு ஊசி போட வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையை மேலிருந்து கீழ்வரைக்கும் படித்தார். நாங்கள் நாலைந்து பேர் பெஞ்சில் இருந்தோம். "என்ன டாக்டரே, ஊசி இவ்வளவுதானா? எங்கிட்ட மட்டும் மூணு பங்கு வாங்கிக்கிட்டு இருந்தீங்களே?" என்று சத்தமாகவே கேட்டார். டாக்டருக்கு வியர்த்துவிட்டது. "உங்களுக்கு வலிக்காம மெதுவாப் போட்டேனுங்களே" என்றார். பெஞ்சில் ஒருத்தருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பண்ணை முறைத்தார். அந்தச் சமயம் பார்த்துப் பாக்கியம் அக்கா எழுந்து, ரொம்ப மரியாதையாக, "ஐயா, அதுக்குக் கீழயும் படிங்க. சுகமில்லாத பிரசவம்னு ஒண்ணு போட்டிருக்கு" என்றாள். அவர் படித்தார். திரும்பவும் படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, எங்களோடு அதே பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, முறை வந்ததும் ஊசி போட்டுக்கொண்டு, பலகையில் கண்ட காசை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த அறுப்பில் அக்காவுக்கு முழுக் கூலியும் அளந்து விழுந்தது. அவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, அக்காவும் திறக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

டாக்டருக்கு எல்லாம் லாபமாகவே முடிந்தது என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய், அது உண்மையும் இல்லை. கடைத்தெருவின் மறுகோடியில் இன்னொரு டாக்டர் ஊசியைக் கொஞ்சம் குறைத்து எழுதிப் போட்டார். ஊசிக்கூட்டம் அங்கே போய்விட்டது. நம் டாக்டர் சில நாள் எங்களோடு பேசவே இல்லை. அப்புறம் அவரும் குறைத்தார். பண்ணைகளிடம் வாங்கிய மூணு பங்கு நின்றுபோனதில் டாக்டரம்மாவின் புதுக் கார் ஆசையும் தள்ளிப் போனது. ஆனால், "இப்பல்லாம் யாரும் என் மூஞ்சியைப் பாத்துப் பயந்துகிட்டு உள்ளே வர்றதில்லை" என்று டாக்டரே ஒருநாள் உங்கப்பாவிடம் சொன்னாராம். முன்னெல்லாம் முற்றிப்போன பிறகுதான் வருவார்கள். எவ்வளவு ஆகுமோ என்ற பயத்தில் நோவை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருப்பார்கள். பலகை வந்த பிறகு நோவு சின்னதாக இருக்கும்போதே வர ஆரம்பித்தார்கள். நீ பிறந்ததும் அந்த ஆஸ்பத்திரியில்தான். சுகமானது வரிசைக்கு என்ன போட்டிருந்ததோ அதைக் கொடுத்து உன்னை வாங்கிவந்தோம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். காலம் மாறிவிட்டது, ஸ்கேன், ஐசியூ, இன்சூரன்ஸ் என்று நூறு இருக்கிறது, எழுத முடியாதம்மா என்று சொல்லுவாய். போன வருஷம் உன் சித்தப்பாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேனே, அங்கே கவுண்டரில் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல், "எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ்?" என்று கேட்டது. இருந்தால் ஒரு விலை, சர்க்கார் காப்பீட்டு அட்டை என்றால் ஒரு முகச்சுளிப்பு, கையில் காசு என்றால் இன்னொரு விலை. ரத்தினம் கேட்ட கேள்விதானே இது? பண்ணை போய்க் கம்பெனி வந்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கே உன் சித்தப்பா மாதிரி எத்தனை பேர், படித்தவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு பில் வருகிற வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று நீ பார்த்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் எழுதச் சொல்லவில்லை. பார்க்கிற பீஸ், ஸ்கேன், படுக்கை, நீ தினமும் செய்கிற ஆபரேஷன்கள், மருமகள் செய்கிற கண் ஆபரேஷன், இதெல்லாம் உனக்குத் தெரிந்த கணக்குத்தானே. பெரிய எழுத்தில், தமிழில் எழுது. அட்டைக்கு எவ்வளவு, காசுக்கு எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுது. தொகை கூடுகிற மாதிரி இருந்தால் செய்வதற்கு முன்னால் வெளியே வந்து சொல்லு. நர்ஸை அனுப்பாதே, நீயே வா. நீ ஏழைகளுக்குக் குறைப்பாய் என்று எனக்குத் தெரியும், உங்கப்பா ரத்தம் உனக்குள் ஓடுகிறது. குறை. ஆனால் அவர்கள் எம்.எல்.ஏ. சிபாரிசோடும், உன் சொந்தக்காரர் யாரையாவது பிடித்துக்கொண்டும் வந்து நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளாதே. உன் கூட்டாளிக்கு நஷ்டம் வந்துவிடுமோ என்று பயம் இருந்தால் அதில் தப்பில்லை. கடன் வாங்கிக் கட்டுகிறவருக்குப் பயம் இருக்காதா? அவரை ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா. விரால் மீன் குழம்பு வைக்கிறேன். சாப்பிடும்போது பேசினால் எந்த மனுஷனும் பாதி வழிக்கு வந்துவிடுவான். மீதிப் பாதிக்கு உங்கப்பா தழும்பைக் காட்டுவார்.

திறப்பு விழாவுக்கு உங்கப்பா மட்டும்தான் வருவார். மாலை, மேடை, மைக் எல்லாம் அவருக்குப் பிடித்தது. நான் விழா முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, ஒரு திங்கட்கிழமை, கும்பகோணம் பஸ் பிடித்துத் தனியாக வருவேன். எனக்கு இடது கண்ணில் புரை விழுந்திருக்கிறது. இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை, கோபப்படாதே. டாக்டரின் அம்மா என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். வாசலில் நின்று, நல்ல கண்ணால் உன் போர்டைப் படிப்பேன். கட்டுப்படியானால் உள்ளே வந்து வரிசையில் உட்காருவேன். கட்டுப்படியாகாவிட்டால் எதிர்த்தாற்போல் இன்னொரு ஆஸ்பத்திரி இருக்கிறதாமே, மருமகளிடம் வழி கேட்டு வைத்திருக்கிறேன்.

அம்மா